காலிக் குழிகள்

இன்குபேட்டர் கதவைச் சாத்தியாகிவிட்டது, இனி நான்கு மணி நேரத்துக்குத் திறக்கக் கூடாது, திறந்தால் சூடு போய்விடும், சூடு போனால் செய்த வேலையெல்லாம் வீண் என்று வருஷக்கணக்காக மாணவர்களை அதட்டிவந்தவள்தான், இப்போது அவள் கையே கைப்பிடியை விட மாட்டேன் என்கிறது. விடு என்றாள் மங்கையர்க்கரசி. விட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கல்லூரியில் ஈ காக்கை இல்லை, வாட்ச்மேன் கூட கேட்டோரம் வேப்பமர நிழலில் செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டான். உள்ளே வைத்திருப்பது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பிளேட், அதில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள். வழக்கமாக அந்தக் குழிகளின் அடியில் நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் ஒட்டிக் கிடக்கும், அவற்றின் மேல் இன்ஃபுளுயன்சா வைரஸை விடுவாள், அது செல்களைத் தின்று தீர்க்கும், கடைசியில் மஞ்சள் சாயத்தை ஊற்றுவாள். உயிருள்ள செல் மஞ்சளை ஊதாவாக்கும், செத்தது ஒன்றும் செய்யாது, மஞ்சள் மஞ்சளாகவே கிடக்கும். மகிழம்பட்டைச் சாறு விட்ட குழிகள் மட்டும் வைரஸ் வந்து போன பிறகும் ஊதாவாகும். மூன்று வருஷமாக ஊதா. முதல் தடவை பார்த்த அன்று பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், அப்படி அழுதவள் மறுநாள் வந்து அந்த ஊதாவை நிற்கவைத்துக் குறுக்கு விசாரணை செய்வாளா என்ன. இன்றைக்கு வைத்திருக்கிற பிளேட்டில் செல் கிடையாது. வைரஸும் கிடையாது. பட்டைச் சாறும் மஞ்சள் சாயமும் மட்டும்தான். உயிரே இல்லாத இடத்தில் மஞ்சளை மாற்ற யார் இருக்கிறார்கள், அது மஞ்சளாகத்தான் இருக்கும், இருந்தாக வேண்டும். காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இங்கே வந்து, வந்ததற்கு எதையாவது செய்வோம் என்று மேசையைத் துடைத்து, மிச்சமிருந்த சாயத்தையும் மிச்சமிருந்த சாற்றையும் கழிவுப் பீக்கரில் ஒன்றாகக் கொட்டினாள். கையுறையைக் கழற்றிக் கை கழுவித் திரும்பினால் பீக்கர் கன்னங்கரேலென்று ஊதா. அது அழுக்குப் பீக்கர், யாராவது எதையாவது ஊற்றி வைத்திருப்பார்கள். சாறும் தண்ணீர் கலக்காத சாறு, அவ்வளவு கெட்டியாக எந்தக் குழியிலும் விட்டதில்லை. அதற்குத்தான் இந்தக் காலிக் குழிகள், ஒழுங்காக அளந்து, ஒழுங்காகத் தண்ணீர் சேர்த்து. இதை மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே செய்திருக்கலாம்.

ஏன் செய்யவில்லை என்று யாராவது கேட்டால், கேட்க இப்போது யாரும் இல்லை, இருந்தாலும் கேட்டால், பதில் இதுதான், சாயம் ஊற்றுவதற்கு முன் சாற்றைக் கழுவி எடுத்துவிடுவதாக எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். கழுவத்தான் வேண்டும். ஆனால் கழுவினால் பாதி செல்கள் பெயர்ந்து போய்விடுகின்றன, கணக்கு தாறுமாறாகிறது, அதனால் கழுவாமலே ஊற்றுவது அவள் பழக்கம். கை சுத்தமான பழக்கம் என்று தனக்குள் அதற்குப் பெயர் வேறு வைத்திருந்தாள். வைரஸை நேராகவே எண்ணிப் பார்க்கிற வழியும் இருக்கிறது, அதை அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டாள். நன்றாகப் போய்க்கொண்டிருக்கிற வீட்டில் யார் எல்லாப் பானையையும் திறந்து பார்ப்பார்கள். இப்படியெல்லாம் நினைப்பு ஓடுகிறபோது புருஷன் தனபாலனின் இருமல் கேட்டது. இங்கே எப்படிக் கேட்கும், அவர் பத்து கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் தில்லை நகர் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறார், கேட்டது ஃப்ரிட்ஜின் மோட்டார். தெரிந்தும் எழுந்து போய் ஃப்ரிட்ஜின் மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள். சூடாக இருந்தது.

அவருக்குப் பம்புசெட் வியாபாரம். மோட்டார் வாங்க வருகிறவர்களிடம் நாள் முழுக்கக் கத்திப் பேசிப் பேசி வீட்டிலும் அதே குரல். கல்யாணமான புதிதில் அவளுடைய வேலை என்ன என்று யாராவது கேட்டால் இலை பொறுக்கறா என்பார், பிறகு டாக்டர் பட்டம் வாங்கியதும் சருகு டாக்டர் என்று உயர்த்தினார். எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் உட்கார்ந்ததும் வாழையிலையைத் தூக்கிக் காட்டி, இந்தா இதுல என்ன வியாதிக்கு மருந்து இருக்குன்னு சொல்லு பாக்கலாம் என்பார். அந்த வரிசையே சிரிக்கும். அவளும் சிரிப்பாள், அதுதான் சகிக்காது, தன் பல் வெளியே தெரிவது தனக்கே தெரியும், உதட்டை மூடினால் கோபம் என்பார்கள், மூடாவிட்டால் இதோ இப்படி. இருபத்திரண்டு வருஷம் அந்தப் பல்லைக் காட்டியிருக்கிறாள். அவர் தம்பி சேரன் ஒருதரம், விடுண்ணே, அண்ணி பாவம் என்றான். அந்தப் பாவம்தான் இன்னும் எரிகிறது. சரி, அவர் கெட்டவரா, இல்லை, குடியில்லை, கை நீட்டியதில்லை, சம்பளம் எவ்வளவு என்று கேட்டதில்லை, கேட்காததற்குக் காரணம் அதை ஒரு பணமாகவே மதிக்காதது. இப்படி ஒரு மனிதருக்குத்தான் போன திங்கட்கிழமை காய்ச்சல் வந்தது. மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து ஃப்ளூ என்று சொல்லி, தெரு முனை டாக்டர் மாத்திரை அட்டையைக் கொடுத்து, இத இன்னைக்கே ஆரம்பிச்சிடுங்க, ரெண்டு நாளுக்குள்ள போட்டாதான் நல்லா கேக்கும் என்றார். அதை அவளும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். கேட்க வேண்டிய அவசியமே இல்லை, அந்த இரண்டு நாள் விஷயத்தை எத்தனை வகுப்பில் அவளே சொல்லியிருக்கிறாள். வைரஸ் பெருகுகிற வரைக்கும்தான் மாத்திரைக்கு முழு வேலை, பெருகி முடித்த பிறகு வீட்டைக் கொளுத்திவிட்டுப் போனவனைத் தேடுகிற கதைதான்.

வீட்டுக்கு வந்து அவள் தண்ணீரும் மாத்திரையுமாக நின்றபோது தனபாலன் அட்டையைத் தள்ளினார். இது வேணாம், உன் மருந்தக் குடு என்றார். கிண்டல் என்று நினைத்துக் காத்திருந்தாள், பின்னால் சிரிப்பு வரும் என்று. வரவில்லை. காய்ச்சலில் சிவந்த கண்ணோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூணு வருஷமா ராப்பகலா அங்கேயே கெடக்கறியே, சும்மாவா கெடப்ப, குடு என்றார். இங்கேதான், சரியாக இந்த இடத்தில்தான் அவள் நினைப்பு ஒவ்வொரு தடவையும் இடறுகிறது, மேலே நகர மாட்டேன் என்கிறது. அவள் அப்போது சொல்லியிருக்க வேண்டியது என்ன. இல்லைங்க, அது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு, மனுஷங்களுக்குக் குடுக்கறதில்ல, மாத்திரையைப் போடுங்க. ஒரு மூச்சுக்குள் சொல்லிவிடலாம். பட்டைச் சாற்றால் தீங்கு இல்லை, பல் துலக்குகிற பட்டைதானே, அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இருக்கவில்லை. ஆனால் மாத்திரையும் போட்டுக்கொண்டு இதையும் குடியுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாமே, அதையும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் பயமோ மறதியோ இல்லை. சந்தோஷம். தலை கிறுகிறுக்கிற சந்தோஷம். அட்டையை அலமாரியில் வைத்துவிட்டு ஃப்ரிட்ஜிலிருந்து பாட்டிலை எடுத்தபோது கை நடுங்கியது, அது பெண் பார்க்க வந்த அன்று காபித் தட்டைத் தூக்கியபோது நடுங்கிய அதே நடுக்கம். அவர் ஒரே மடக்கில் குடித்து, துவர்ப்பில் முகத்தைச் சுளித்து, நல்லாருக்கு என்றார். அந்த நல்லாருக்கை அவள் இன்னும் காதுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறாள், மனசாட்சி உள்ளவளாக இருந்தால் அதை எப்போதோ துப்பியிருக்க வேண்டும்.

அப்புறம் அந்த மூன்று நாள். கட்டிலில் பக்கத்தில் உட்காரச் சொன்னார். இது எப்படி வேலை செய்யுது, எனக்குப் புரியற மாதிரி சொல்லு என்றார். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் படம் வரைந்து காட்டினாள், இது வைரஸ், இது அதன் மேல் இருக்கிற கொக்கி, பட்டையில் இருக்கிற துவர்ப்புப் பொருள் இந்தக் கொக்கியைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது என்று நினைக்கிறோம். நினைக்கிறோமா இல்ல தெரியுமா என்று கேட்டார். அடேயப்பா, என்ன கேள்வி, ஒரு பேராசிரியர்கூட அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. நினைக்கிறோம், சீக்கிரம் தெரிஞ்சிடும் என்றாள். எத வச்சு முடிவுக்கு வருவீங்க என்று கேட்டார், அதையும் சொன்னாள், இருமலுக்கு நடுவே கண்ணை மூடாமல் கேட்டார். கடையிலிருந்து கூப்பிட்டவர்களிடம் போனில், எங்க வீட்டம்மா ஒரு மருந்து கண்டுபுடிச்சிருக்கா, நான்தான் மொதல்ல சாப்பிடறேன் என்று சொன்னார். அரசி என்று கூப்பிட்டார். அவள் பெயரில் பாதியை அவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் தூங்கிய பிறகு பக்கத்தில் விழித்துக்கொண்டு படுத்து, இந்தக் காய்ச்சல் இன்னும் நாலு நாள் இருக்கட்டுமே என்று நினைத்தாள். நினைத்தது மட்டுமா, கடவுளே என்று சேர்த்துத்தான் நினைத்தாள். அந்த நேரத்தில் வைரஸ் தொண்டையிலிருந்து இறங்கி நெஞ்சுக்குள் போய்க்கொண்டிருந்தது, யாரும் அதன் கொக்கியைப் பிடிக்கவில்லை. தன் நெற்றியைத் தானே தொட்டுப் பார்த்து, குறையுது இல்ல என்று கேட்பார். குறையுது என்பாள். தெர்மாமீட்டர் அலமாரியில் அந்த அட்டைக்குப் பக்கத்திலேயே இருந்தது, அவள் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் உதடு நீலம் பாய்ந்த பிறகுதான் சேரனைக் கூப்பிட்டாள்.

எழுந்தாள். உட்கார்ந்தாள். மஞ்சளாக இருந்தால் என்ன ஆகும். மஞ்சளாக இருந்தால் மருந்து நிஜம், அவள் கொடுத்தது வெறும் தண்ணீர் இல்லை, ஏதோ அளவு போதவில்லை, உடம்புக்குள் போய்ச் சேரவில்லை, அவர் நெஞ்சு அப்படி, விதி அப்படி. மஞ்சளாக இருந்தால் அவர் செத்தாலும் அவள் பிழைத்தாள். என்ன நினைப்பு இது என்று திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள், வாயிலிருந்தா வந்தது பொத்துவதற்கு. ஊதாவாக இருந்தால், இருக்காது, இருந்தால், அந்த மூன்று நாளும் கையில் மாத்திரையை வைத்துக்கொண்டு புருஷனுக்குப் பட்டைத் தண்ணீர் கொடுத்தவள். ஆனால் அது யாருக்குத் தெரியும். சேரனுக்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியாது, பீக்கரைக் கழுவியாகிவிட்டது, பிளேட்டைக் குப்பையில் போட்டால் தீர்ந்தது. அவர் போய்விட்டால் ஃப்ளூவில் போனார் என்பார்கள், ஊரில் நாலு பேர் அப்படிப் போயிருக்கிறார்கள். அடுத்த கட்டுரையின் முதல் பக்கத்தில் என் கணவரின் நினைவுக்கு என்று ஒரு வரி போடலாம். அந்த வரி எந்த இடத்தில் வரும், சாய்வெழுத்தா நேரெழுத்தா என்பது வரைக்கும் போய்விட்டாள், அதற்கப்புறம்தான் நின்றாள். இவ்வளவு கெட்டவளா நான் என்று அவளுக்கு ஆச்சரியமாகக்கூட இல்லை, எங்கேயோ பார்த்த முகத்தைத் திரும்பப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஒன்று மட்டும் அவளுக்கு விளங்கவில்லை. அவர் பிழைக்க வேண்டும் என்றுதான் அவள் வேண்டிக்கொண்டிருக்கிறாள், அது பொய்யில்லை, சத்தியமாகப் பொய்யில்லை. அப்படியானால் கண் ஏன் போனைப் பார்க்காமல் இன்குபேட்டரையே பார்க்கிறது. இன்னும் நேரம் இருந்தது. போய்க் கதவைத் திறந்தாள்.

ஊதா. கிட்டத்தட்ட எல்லாக் குழியும். சாறு கெட்டியான இடத்தில் கருத்த ஊதா, தண்ணீர் கூடக் கூட வெளிறி வெளிறி, கடைசி வரிசையில் மட்டும் மஞ்சள், மூன்று வருஷமாகப் படம் போட்டு மாநாட்டுக்கு மாநாடு காட்டிய அதே அழகான இறக்கம். ஒரு செல் இல்லை, ஒரு உயிர் இல்லை, பட்டையும் சாயமும் தங்களுக்குள்ளேயே பேசி முடித்துக்கொண்டிருக்கின்றன. இத்தனை நாளும் இதுதான் நடந்திருக்கிறது, அவள் உயிர் என்று எண்ணியதெல்லாம் பிணத்தின் மேல் பட்டைச் சாறு பூசிய நிறம். அழுகை வரவில்லை. பிளேட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாளோ, மேசையில் போன் அடித்து, நின்று, மறுபடி அடித்தபோதுதான் எடுத்தாள்.

"மேடம், டியூட்டி டாக்டர் ரிஸ்வான் பேசறேன். சாருக்கு ஆக்சிஜன் எறங்கிட்டே வருது. நாங்க குடுக்கற மாத்திரைய முழுங்காம துப்பிடறார் மேடம், ரெண்டு நாளா. இப்பதான் சிஸ்டர் பாத்தாங்க. தலகாணிக்கு அடியில ஒரு பாட்டில் வச்சிருக்கார், உங்க மருந்துங்கறார்."

"பாட்டிலா? நான் அங்க குடுக்கலயே."

"வீட்லேர்ந்து தம்பிய விட்டு எடுத்துட்டு வரச் சொல்லிருக்கார். லேட்தான், ஆனா இப்பவாவது மாத்திரை உள்ள போயாகணும் மேடம். நீங்க சொன்னா போட்டுக்கறேங்கறார். குடுக்கறேன், பேசுங்க."

முதலில் மூச்சு கேட்டது. ரம்பம் இழுக்கிற மாதிரி.

"அரசி," என்றார் தனபாலன்.

"என்னங்க, டாக்டர் சொல்ற மாத்திரையப் போட்டுக்கங்க. அதையும் போடுங்க, நம்ம மருந்தையும் குடிங்க. ரெண்டும் சேந்தா நல்லதுதான்." இதைச் சொல்லத் தனக்கு எப்படி இவ்வளவு சீக்கிரம் வாய் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. நல்ல வழி. அவரும் பிழைப்பார், அரசியும் பிழைப்பாள்.

"வேணாம்." மூச்சு வாங்கினார். "ரெண்டையும் கலந்தா... எதுல பொழச்சேன்னு... எப்படித் தெரியும்."

"அது தெரியாட்டி பரவால்லங்க."

"நீதான... படம் போட்டு சொன்ன. ஒண்ண மட்டும் குடுத்துப் பாத்தாதான்... நம்புவாங்கன்னு." இருமல் வந்து முடிகிற வரைக்கும் காத்திருந்தார். "அவனுங்க மாத்திரையில பொழச்சேன்னு... ஆயிடக் கூடாது. உன் பேருதான் நிக்கணும். இருவது வருஷம்... நான் உன்ன ரொம்பப் பேசிட்டேன்."

உட்காரப் பார்த்தாள். ஸ்டூல் எங்கோ போய்விட்டிருந்தது, மேசையைப் பிடித்துக்கொண்டாள். இந்த வார்த்தைக்காகத்தானே, இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே. சரிங்க என்று சொல்லிவிட்டால் போதும், அவர் இன்னும் ஒரு நாளோ இரண்டு நாளோ இருப்பார், இருக்கிற வரைக்கும் இப்படியே இருப்பார், போகும்போதும் இப்படியே போவார். இல்லை என்று சொன்னால் முப்பது வருஷம்கூட இருக்கலாம். அந்த முப்பது வருஷமும் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா. மறுமுனையில் ரம்பம் இழுத்துக்கொண்டே இருந்தது, அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், கேட்கக் கூடாத அளவுக்கு நேரம் கேட்டாள்.

"அது மருந்து இல்லீங்க," என்றாள்.

"என்ன?"

"நம்மளது மருந்தே இல்ல. தப்புப் பண்ணிட்டேன். இன்னைக்குத்தான் செஞ்சு பாத்தேன். அதுல ஒண்ணுமே இல்ல. வெறும் பட்டத் தண்ணி. மாத்திரையப் போடுங்க. உங்க கால்ல விழறேன், போடுங்க."

 குழாயில் ஆக்சிஜன் ஓடுகிற சத்தம் மட்டும். அப்புறம் பாட்டில் தரையில் விழுந்து உருளுகிற சத்தம், சிஸ்டர் யாரையோ துடைக்கக் கூப்பிடுவது. போனை அவர் வைக்கவில்லை, மார்பின் மேல் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது, அவர் குரல் தள்ளிக் கேட்டது, அவளிடம் இல்லை.

"சார். குடுங்க, போட்டுக்கறேன்." தண்ணீர் குடிக்கிற சத்தம். "நேத்து உங்ககிட்ட... எங்க வீட்டம்மா பெரிய விஞ்ஞானின்னு... ஒண்ணு சொன்னேன் பாருங்க."

"ஆமா சார், சொன்னீங்க."

"அத யார்கிட்டயும்... சொல்லிராதீங்க."

யாரோ சிரித்தார்கள், டாக்டரோ, சேரனோ. கட்டிலைச் சுற்றி நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மங்கையர்க்கரசி போனைக் காதில் வைத்தபடி நின்றாள். அவர் குரலில் மூச்சுக்கு நடுவேயும் அந்தப் பழைய தெம்பு வந்துவிட்டிருந்தது. பிழைத்துக்கொள்வார்.